மூன்றாவது சீட்டு

ஜூன் பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி எட்டு நிமிடம். இங்கிலாந்தின் ரெடிங் நகரில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பத்தொன்பது டிகிரி, காற்று அசையாத வெளிறிய வானம், கொல்லையில் காயப்போட்ட துணி போட்டது போட்டபடி தொங்கியது. மழை பெய்துகொண்டிருந்தது எழுபது மைல் தெற்கே, கடற்கரையூர் ஒன்றின் புல்தரை டென்னிஸ் திடலில். அந்த மழை ஹெப்சிபாவின் சமையலறை மேசைமேல், உப்பு ஜாடியில் சாய்த்து வைத்த கைபேசியின் திரையில் சத்தமில்லாமல் விழுந்தது. எட்டுப் பேர் தார்ப்பாயை இழுத்துத் திடலைப் போர்த்திப் பதினேழு நிமிடங்கள் ஆகிவிட்டன. ஆளுக்கு ஒரு செட், மூன்றாவது செட்டில் நாலுக்கு நாலு, ஓர்லிச்சின் சர்வீஸ், பதினைந்து–நாற்பது. மிலேனா ஓர்லிச் இன்னும் ஒரு புள்ளியை இழந்தால் அந்த கேம் போய்விடும். கேம் போனால் ஆட்டம் அநேகமாக எதிராளி தாலஸுக்குப் போய்விடும். ஆட்டம் போனால், பகல் பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு ஹெப்சிபா ஓர்லிச்மேல் கட்டிய பத்து பவுண்டும் போய்விடும். பத்து பவுண்ட் ஒரு தொகையே அல்ல. போன வாரம் அதைவிட அதிகம் கொடுத்து ஒரு பெட்டி மாம்பழம் வாங்கி, பாதியை அழுகலென்று எறிந்தாள். எறிந்ததை அன்றே மறந்தும் போனாள். இந்தப் பத்தை மறக்க முடியவில்லை. சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் தலையைக் கிள்ளித் தோலை உரித்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே, ஏன் மறக்க முடியவில்லை என்ற கேள்விக்கு அருகில் போவதும், தோல் ஒட்டிக்கொண்ட ஒரு வெங்காயத்தைச் சாக்காக வைத்துத் திரும்பி வருவதுமாக இருந்தாள். திரையின் கீழ்ப்பகுதியில் ஒரு மஞ்சள் பொத்தான் மின்னியது: இப்போதே விலகிக்கொண்டால் நான்கு பவுண்ட் இருபது பென்ஸ் திரும்பக் கிடைக்கும். அதை வரைந்தவனுக்கு மழையில் காத்திருக்கும் மனிதர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தாள். அவளையறியாமல் கணக்கு ஓடியது. புல்தரையில் ஓர்லிச் தன் சர்வீஸ் புள்ளிகளில் நூற்றுக்கு அறுபத்திரண்டை வெல்கிறாள். பதினைந்து–நாற்பதிலிருந்து மீண்டு அந்த கேமை எடுக்க நூற்றுக்கு இருபத்தெட்டு. அதை வைத்து ஆட்டத்தையே வெல்ல இருபத்திரண்டு, இருபத்துமூன்று. அப்படியானால் நியாயமான தொகை நான்கு எழுபது. ஐம்பது பென்ஸை அமுக்குகிறார்கள். அமுக்கட்டும். அவள் பொத்தானைத் தொடப் போவதில்லை, ஏனென்றால் ஆட்டம் தொடங்கிய பிறகு எதையும் தொடக் கூடாது என்பது விதி. விதியை நினைத்ததும் ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, இன்றைக்கு எந்த வாயால் விதியைச் சொல்வது என்று தோன்ற, மறுபடி குனிந்து அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

விதிகளை உண்டாக்கியவள் அவள்தான். ஆறு வருடங்களுக்கு முன் அவள் கணவர் ஆசீர், மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருப்பவர், மதியச் சாப்பாட்டு வேளைகளில் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் டென்னிஸ் ஆட்டங்களில் அடுத்த புள்ளி யாருக்கு, அடுத்த கேம் யாருக்கு என்று கட்டிக் கட்டி, வீடு வாங்கச் சேர்த்த முன்பணம் முழுவதையும் பதினொரு வாரத்தில் இழந்தார். அவள் கண்டுபிடிக்கவில்லை, அவரே சொன்னார். சோற்றைப் பிசைந்த கையை எடுக்காமல், "ஹெப்சி, அந்த வீட்டுப் பணம் இல்லட்டி," என்றார். திருடன் கொண்டுபோனதைச் சொல்வதுபோல இருந்தது. அதன்பின் எல்லாப் பந்தயத் தளங்களிலிருந்தும் தன்னைத் தானே விலக்கிக்கொண்டார். வியாழக்கிழமை மாலைகளில் ஒரு தேவாலயத்தின் பின்னறையில் கூடும், சூதாட்டத்தை விட முயல்பவர்களின் குழுவுக்குப் போகத் தொடங்கினார். பந்தயம் நின்றது, எண்கள் நிற்கவில்லை. கடைத் தொலைக்காட்சியில் யாரோ சர்வீஸ் போட்டால் மாத்திரை எண்ணும் அவர் உதடுகள் வேறு எதையோ எண்ணின. பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பதினொரு வருடம் புள்ளியியல் கற்பித்தவள் ஹெப்சிபா. இங்கே வாரத்தில் மூன்று நாள் பள்ளிப் பேருந்துகளின் தடங்களை வகுக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். எண்களால் வந்த நோவை எண்களாலேயே ஆற்றலாம் என்று அவளுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. அலமாரியில் நாய்ப்படம் போட்ட ஒரு பிஸ்கட் தகர டப்பா இருந்தது. ஒரு ஆட்டத்தைத் தேர்ந்துகொண்டு, காலை எட்டு மணிக்குள், பந்தயக்காரர்கள் ஆட்டக்காரர்களுக்குப் போடும் விலையைப் பாராமல், யார் வெல்ல நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி மடித்து டப்பாவில் போட வேண்டும். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. மாலையில் இருவரும் சேர்ந்து திறக்க வேண்டும். காசு கிடையாது, ஒரு பென்னிகூட. ஆசீர் மட்டும் தன் சீட்டின் அடியில் இன்னோர் எண்ணையும் எழுதுவார். அன்று பந்தயம் கட்டக் கை எவ்வளவு அரிக்கிறது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண், குழுவில் கற்றுக்கொடுத்தது. முதல் வருடம் எட்டும் ஒன்பதுமாக இருந்தது, பிறகு ஐந்தாகி, மூன்றாகி, இப்போது இரண்டு வருடமாக ஒன்று, இரண்டு, சில நாள் பூஜ்யம். குழுவை நடத்தும் பிரையன், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், டப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் தலையை ஆட்டினாராம். "தீயணைப்பு நிலையத்துல தீப்பெட்டி விக்கிற மாதிரி இருக்குன்னு சொல்லுதாரு உன் வைத்தியத்த," என்று ஆசீர் வந்து சிரித்தார். ஆனால் வைத்தியம் பலித்தது, அல்லது பலித்ததுபோல் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்களின் சீட்டுகளைக் கோர்த்துப் பார்த்தபோது, ஆசீர் எழுபது என்று எழுதிய ஆட்டக்காரர்கள் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுத்தான் வென்றிருந்தார்கள். ஹெப்சிபா எழுபது என்று எழுதியவர்கள் எழுபதே வென்றிருந்தார்கள். ஆசீர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். "அன்னைக்கு நான் மட்டும் ஒன்னக் கேட்டு ஆடியிருந்தா..." "ஆடியிருந்தா?" "ஒண்ணுமில்ல தாயி. குழம்ப ஊத்து." அவர் அதை அங்கேயே விட்டுவிட்டார், விட்டது தெரிந்தது, ஏனென்றால் அந்த வாரம் முழுவதும் சீட்டின் அடியில் ஒன்று என்ற எண்தான். விடாதவள் அவள். பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை, அவளுடைய விடுமுறை நாள், இதே நாற்காலியில் உட்கார்ந்து தன் பெயரில் ஒரு கணக்கைத் திறந்தாள்.

ஆடுவதற்காக அல்ல, சரிபார்ப்பதற்காக என்றுதான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதில் அன்றைக்குப் பொய்யும் இல்லை. தன் எண் சரியென்று தாளில் தெரிவது வேறு, விலையைவிடச் சரியென்று தெரிவது வேறு. சின்ன வயதில், தேவாலயத்தில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அதைப் பார்த்திருக்கிறாள்: ஆலய வளாகத்தில் ஒரு கோழி முட்டையை ஏலத்தில் எடுத்தவர் அதைத் திரும்பவும் காணிக்கையாகக் கொடுக்க, இன்னொருவர் எடுத்துக் கொடுக்க, முட்டை ஒன்றுதான், விலை மட்டும் ஏறிக்கொண்டே போகும், அப்பா அவள் காதருகே குனிந்து, "முட்டையப் பாரு, சத்தத்தக் கேக்காத," என்பார். அவ்வளவுதான் முழு வித்தையும். தன் எண்ணை முதலில் எழுதிவிட வேண்டும், சத்தத்தைப் பிறகு கேட்க வேண்டும். விலை இரண்டு பத்து என்றால், கட்டிய ஒன்றுக்கு இரண்டு பவுண்ட் பத்து பென்ஸ் வரும் என்றால், பந்தயக்காரன் அந்த ஆளுக்கு நூற்றுக்கு நாற்பத்தெட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுக்கிறான். தன் எண் அதைவிட ஐந்தாவது கூடுதலாக இருந்தால் ஒழியத் தொடக் கூடாது. எப்போதும் பத்து பவுண்ட். உறுதியான நாளும் பத்து, ஐயமுள்ள நாளும் பத்து. இரண்டு ஆட்டத்தை வைத்து ஒருத்தியை நம்பக் கூடாது. செம்மண் தரையிலிருந்து புல்லுக்கு வந்த முதல் வாரம் யாரையும் நம்பக் கூடாது. முதுகைப் பிடித்துக்கொண்டு சிகிச்சை கேட்டவர்களைப் பதினைந்து நாள் விட்டுவிட வேண்டும். பிடித்த ஆள் ஆடினால் எழுந்து போய்விட வேண்டும். மூன்று முறை தொடர்ந்து தோற்றால் ஏழு நாள் ஓய்வு. இருநூற்றுப் பதினொரு பந்தயங்களில் இதில் ஒன்றையும் அவள் மீறவில்லை. மீறாமல் இருப்பதில் ஒரு சுகம் இருந்தது, இஸ்திரி போட்ட புடவையை மடித்து அடுக்குவதுபோல. அந்தச் சுகத்துக்கு எண் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அரிப்பு அவருடையது, அவளுடையது முறை. பதினான்கு மாதம் பாடுபட்டுக் கண்டதும் ஒன்று உண்டு: அவள் எண் சரிதான், ஆனால் விலையும் ஏறக்குறைய அதே அளவு சரி, இரண்டுக்கும் நடுவில் பந்தயக்காரன் எடுத்துக்கொள்ளும் சிறு பங்குதான் மிச்சம். நானூறு மாணவிகளுக்குக் கற்பித்த பாடமே இது. அப்போதே மூடியிருக்கலாம். போன வாரம் வரை பத்தொன்பது பவுண்ட் மேலே நின்றாள். மூன்று ஆட்டங்கள் தோற்று, இப்போது பதினொன்று கீழே. இன்று ஓய்வின் மூன்றாம் நாள்.

நேற்றிரவுச் சாப்பாட்டின்போது ஆசீர் சொன்னார்: வியாழக்கிழமையோடு அவர் பந்தயத்தை விட்டு ஆறு வருடம் நிறைகிறது, குழுவில் அதற்கு ஒரு கேக் உண்டு, வீட்டார் ஒருவர் வந்து பேச வேண்டும். "நீ வாரியா? ரெண்டு நிமிஷம் பேசினா போதும்." "என்ன பேச?" "இவரு திருந்திட்டாருன்னு சொல்லு. பாடம் எடுத்துராத, பாவம், ஓடிருவாங்க." விருந்தினர் சுவரோரம் போட்ட நாற்காலிகளில் உட்காருவார்களாம்; உறுப்பினர்கள் நடுவே வட்டமாக. அவளுக்குச் சுவரோரம் ஓர் இடம் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறாராம். சரியென்றாள். படுக்கையில் ஒரு தீர்மானமும் செய்தாள்: வியாழனுக்குள் கணக்கை மூடிவிட வேண்டும். தீர்மானம் நல்லதுதான். அதில் ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு வந்ததை அவள் அப்போது கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் தோலென்று நினைத்து விட்டுவிட்டாள்: நேராக்கி மூடிவிட வேண்டும். பதினொரு பவுண்ட் கீழே இருக்கும்போது மூடினால் அது தோற்றுப் போனவளின் கணக்கு. பூஜ்யத்தில் மூடினால் அது ஓர் ஆய்வு. காலையில் ஓர்லிச்சுக்கு அவள் எழுதிப் போட்ட எண் நாற்பத்தொன்பது. பகலில் விலையைப் பார்த்தாள், பார்க்க வேண்டிய தேவையே இல்லாத நாளில். இரண்டு பத்து. பத்து பவுண்ட் கட்டினால் லாபம் பதினொன்று. பதினொன்று! ஒரு பென்னி கூடாது, குறையாது. யாரோ அவளுக்கென்று அளந்து வைத்ததுபோல இருந்தது, அப்படித் தோன்றுவதே முதல் அறிகுறி என்று ஆசீர் குழுவிலிருந்து வந்து சொன்னது நினைவுக்கு வந்தும் வராததுபோல இருந்தது. நாற்பத்தொன்பது போதாது, விதிப்படி ஐம்பத்துமூன்றாவது வேண்டும். தாலஸ் நேற்று மூன்று மணி நேரம் ஆடியவள், கால் கனக்கும், அதைக் காலையில் சரியாகச் சேர்க்கவில்லையோ? சேர்த்திருந்தாள். இருந்தாலும் டப்பாவை எடுத்தாள். ஆசீரின் சீட்டு மேலே கிடந்தது. அவருக்குச் சீட்டை அழுத்தி மடிக்கத் தெரியாது, அது எப்போதும் பூச்சியின் இறக்கைபோலப் பாதி விரிந்து கிடக்கும். பார்க்கக் கூடாது என்று கண்ணைத் திருப்புவதற்குள் பார்த்தாகிவிட்டது. மேலே அறுபத்தொன்று. அடியில் ஏழு.

அங்கேதான் ஒவ்வொரு முறையும் வந்து நிற்கிறது. ஏழு. இரண்டு வருடமாக இல்லாத எண். காலையில் அதை எழுதிவிட்டு, மடிக்கத் தெரியாமல் மடித்துவிட்டு, "போயிட்டு வாரேன் ஹெப்சி," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போன மனிதர். அதைப் பார்த்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? கைபேசியை எடுத்து அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கைபேசியை எடுக்கத்தான் செய்தாள். முதலில் தன் சீட்டைக் கிழித்துக் காய்கறிக் குப்பைக் கூடையில், காலைத் தேயிலைச் சக்கைக்குள் தள்ளினாள். புதுச் சீட்டில் ஐம்பத்துமூன்று என்று எழுதி மடித்துப் போட்டாள். பிறகு கைபேசியை எடுத்துப் பத்து பவுண்டைக் கட்டினாள். பன்னிரண்டு பதினெட்டுக்கு ஏழைப் பார்த்தாள், பன்னிரண்டு இருபத்திரண்டுக்குக் கட்டினாள். நடுவில் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் அந்த எண் எங்கே போயிருந்தது? மனத்தில் எந்த மூலையில் அதை உட்கார வைத்தாள்? வகுப்பில் முதல் வாரம் அவள் ஒரு வேலை கொடுப்பாள்: வீட்டில் ஒரு நாணயத்தை இருநூறு முறை சுண்டி, பூவா தலையா என்று எழுதி வரச் சொல்வாள். பாதிப் பேர் சுண்டாமலே எழுதி வருவார்கள், அவள் தாளைத் தூக்கிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். பொய்த் தாளில் தலை நாலு முறைக்குமேல் தொடர்ந்து வராது. பொய்யை எழுதுகிறவனுக்கு உலகம் இவ்வளவு கோணலாக இருக்குமென்று நம்ப மனம் வராது, அதனால் நேராக்கி நேராக்கி எழுதுவான். மெர்லின் என்றொரு பெண், மேட்டுக்குடிக் குரல், "மிஸ், நான் சுண்டினேன் மிஸ், ஆலயத்து மேல சத்தியமா," என்று அழுதாள். ஹெப்சிபா அவளை மேசைக்கருகில் நிறுத்தி இருநூறு முறையும் சுண்ட வைத்தாள். எழுபதாவது சுண்டலோடு தலை ஒன்பது முறை தொடர்ந்து விழுந்தபோது வகுப்பே கைதட்டியது. மெர்லின் மட்டும் தரையைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினேழு வயது. அவ்வளவு நேரம் நிற்க வைத்திருக்க வேண்டாம்.

மூன்று நாற்பதுக்குக் கைபேசி அதிர்ந்தது. திரையிலிருந்த மழை மறைந்து ஆசீரின் பெயர் வந்தது. கையிலிருந்த வெங்காயம் உருண்டு மேசைக்கடியில் போனது. "என்னட்டி செய்யுத?" "வெங்காயம் உரிக்கேன். சாப்டீங்களா?" "ஆச்சு. அங்கன மழையா?" "இங்க இல்ல." இல்லை என்று சொன்ன பிறகுதான், அவர் கேட்டது எந்த ஊர் மழையை என்று அவளுக்கு ஐயம் வந்தது. வேலை நேரத்தில் அவர் ஸ்கோர் பார்ப்பதில்லை; ஆறு வருடமாக இல்லை. "ஆட்டம் மழையில நிக்காமே," என்றார். "யாரு சொன்னா?" "சர்க்கரை மாத்திரை வாங்குத கிழவர் இருக்காருல்லா, அவருதான். நான் பாக்கல." நான் பாக்கல என்பதைக் கொஞ்சம் விரைவாகச் சொன்னாரோ? சொல்லவில்லை, அவளுக்கு அப்படிக் கேட்டது. "ஏங்க," என்றாள். "ம்?" "ஒண்ணுமில்ல. நேரத்தோட வாங்க." "ஏன், குரலு ஒரு மாதிரி இருக்கு?" "வெங்காயம்." அவர் சிரித்தார். "நாளைக்கு அங்க வந்தும் வெங்காயம்னு சொல்லிராத. அழுதா அழுதேன்னு சொல்லணும், பிரையன் விடமாட்டாரு." வைத்துவிட்டார். கேட்டிருக்கலாம், இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது. கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார். சீட்டைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். டப்பாவை ஏன் திறந்தாய் என்பார். ஓர் எண்ணை மாற்றியதால் ஒரு கேள்வியைக்கூடக் கேட்க முடியாதவளாகிவிட்டாள். ஆறு வருடத்துக்கு முன் ஆசீர் அவளிடம் எதையும் கேட்காமல் இருந்த பதினொரு வாரம் நினைவுக்கு வந்தது. தலைவலியா என்று கேட்கவில்லை, வெளியூரில் இருக்கும் மகள் தொலைபேசியில் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அவள் அதை அன்பு குறைந்ததாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான்கு இருபத்தைந்துக்குத் தார்ப்பாயை உருட்டினார்கள். வழக்கமாக ஆட்டம் நடக்கும்போது அவள் பார்ப்பதில்லை. பார்த்தால் கை வரும் என்பதும் ஒரு விதி. இன்று பார்த்தாள். ஓர்லிச் பந்தை மூன்று முறை தரையில் தட்டினாள், நான்காவது முறையும் தட்டினாள். சர்வீஸ், கோட்டின்மேல், தூள் பறந்தது: முப்பது–நாற்பது. அடுத்தது நீண்ட ஆட்டம், பந்து போகிறது வருகிறது, ஹெப்சிபா உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தாள், வெள்ளைச் சதை விரலில் வழுக்கியது. தாலஸ் வலையில் அடித்தாள். சமம். இருபத்தெட்டு என்று கணித்தது எழுபத்துமூன்றாக ஏறியது, இதயமும் அதே அளவு ஏறியது. எண்ணுக்கும் நெஞ்சுக்கும் இவ்வளவு நெருக்கம் என்பதைப் பதினான்கு மாதம் எப்படித் தெரியாமல் வைத்திருந்தாள்? ஓர்லிச் அந்த கேமை எடுத்தாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு ஏழு–ஐந்தென்று ஆட்டத்தையும் எடுத்தாள். திரையில் கணக்கு மாறியது: பதினான்கு மாதத்தின் நிகரம், பூஜ்யம். நேராகிவிட்டது. மூட வேண்டியதுதான் பாக்கி. அவள் எதிர்பார்த்தது ஒரு பெருமூச்சு, முதுகு நாற்காலியில் சாய்வது, அவ்வளவுதான். அதற்குப் பதிலாகக் கட்டைவிரல் தானாக மேலே நகர்ந்து நாளைய ஆட்டங்களின் பட்டியலைத் திறந்தது. பகல் பதினொரு மணி, ஓர்லிச், ஈரப் புல், விலை ஒன்று எண்பத்தைந்து. ஒன்று எண்பத்தைந்து கொஞ்சம் அதிகம்தான், அவள் இன்று ஆடிய ஆட்டத்துக்கு, என்று ஒரு குரல் தெளிவாக, ஆசிரியைக் குரலில், அவள் குரலிலேயே சொன்னது. வெங்காயச் சாறு காய்ந்து ஒட்டிய அந்தக் கட்டைவிரலை அவள் வெகுநேரம் பார்த்தாள். அது வேறொருத்தியின் விரல்போல இல்லை. வசதியாக இருந்திருக்கும், ஆனால் இல்லை. எழுந்து கை கழுவினாள். காய்கறிக் குப்பைக் கூடைக்குள் கைவிட்டுத் தேயிலைச் சக்கையிலிருந்து அந்தக் கிழிந்த துண்டுகளை எடுத்து, தட்டின்மேல் ஒட்ட வைத்து, பழுப்பேறிய நாற்பத்தொன்பதை உலர்த்தினாள். டப்பாவைத் திறந்து துண்டுகளை ஒன்றாக உள்ளே வைத்து, ஐம்பத்துமூன்றை எடுத்து, அதன் அடியில், இத்தனை வருடத்தில் முதல் முறையாக, ஓர் எண்ணை எழுதித் திரும்ப வைத்தாள். ஒன்பது. பத்து என்று எழுதவில்லை. அளவுகோலின் நுனியை எப்போதும் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்ன பழக்கம்.

ஆசீர் ஐந்து நாற்பதுக்கு வந்தார். சட்டையில் மருந்துக்கடை வாசனை; கை கழுவிவிட்டு மேசைக்கு வந்தவர் வழக்கம்போல டப்பாவைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார், பார்த்தார், விரலால் எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. இந்த வீட்டுல மூணாவதா யாருட்டி ஆடுதா?" அவள் சிரிக்கவில்லை. அதனால் அவரும் நிறுத்திக்கொண்டு, முதலில் தன் சீட்டை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். "ஏழு போட்டிருக்கேன். காலையிலயே சொல்லியிருக்கணும். ஆறு வருஷம்னு எல்லாரும் சொல்லச் சொல்ல, முடிஞ்சு போச்சுல்லா, இனி என்னன்னு ஒரு நெனப்பு. மத்தியானம் கார்ல போய் உக்காந்துட்டேன். ஃபோன எடுக்கல. கால்மணி நேரம் கைய ரெண்டையும் தொடைக்கடியில வச்சுட்டு உக்காந்திருந்தேன், பிறகு போய் சாப்பிட்டேன்." எத்தனை மணிக்கு என்று அவள் கேட்டாள். பன்னிரண்டே காலுக்கு மேலே இருக்கும் என்றார். அவள் மற்ற இரண்டு சீட்டுகளையும் அவர் முன் தள்ளினாள். ஆசீர் கிழிந்ததை ஒட்ட வைத்துப் படித்தார், மற்றதைப் படித்தார், அதன் அடியில் இருந்ததைப் படித்தார். "இது என்ன ஒம்பது?" "என்னோடது." "எதுக்கு ஒனக்கு ஒம்பது?" "பதினாலு மாசமா," என்றாள் ஹெப்சிபா. அதற்குமேல் சொல்ல எடுத்த வாக்கியங்கள் நன்றாகக் கட்டப்பட்டவை, எழுவாயும் பயனிலையும் சரியாக அமைந்தவை, ஒன்றும் வரவில்லை. கைபேசியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள், உடனே திரையைக் கையால் மூடினாள், அதை அவர் பார்க்கக் கூடாதே என்று. "மூடு, மூடு, புரிஞ்சுது," என்றார் ஆசீர், முகத்தைத் திருப்பிக்கொண்டு. திரும்பாமலே கேட்டார்: "எவ்வளவு போச்சு?" "ஒண்ணும் போகல. நேரா இருக்கு. அதான்..." "அதான் மோசம்," என்றார் அவர். "எனக்குப் போச்சு, அதனால நின்னுச்சு. ஒனக்குப் போகாமயே ஒம்பது வந்திருக்கு." கோபம் இருந்தது, அவள் பக்கம் பாராமல் வெங்காயக் கிண்ணத்தை எடுத்து, அரிவாள்மனையைத் தேடி எடுத்து, அவரே நறுக்கத் தொடங்கினார். மேசைக்கடியில் கிடந்த ஒன்றைக் குனிந்து பொறுக்கினார். பாதி நறுக்கியபின் கேட்டார்: "என் சீட்டப் பாத்துட்டா கட்டின?" "பாத்துட்டுத்தான்." அரிவாள்மனையில் அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு நறுக்கினார். இரவு பேசியதெல்லாம் குழம்பில் உப்பு கூடிவிட்டதைப் பற்றி.

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்கு ஆசீர் எழுந்து, காரின் சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் வேலைக்குப் போனார். நிறுத்தத்தில் நின்றபடி பிரையனைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசினார், அதில் ஒன்றரை நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஹெப்சிபா அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொன்னாள், கணக்கை மூடினாள், எல்லாப் பந்தயத் தளங்களிலிருந்தும் தன்னை விலக்கிக்கொள்ளும் படிவத்தில் ஆறு மாதமா, ஒரு வருடமா, ஐந்து வருடமா என்ற கேள்விக்கு ஐந்து என்று குறித்தாள், காரணம் என்ற கட்டத்தில் முதலில் ஆய்வு என்று எழுதி, அழித்து, வெறுமையாக விட்டாள். காலையில் யாரும் டப்பாவில் சீட்டுப் போடவில்லை. பதினொரு மணிக்கு மிலேனா ஓர்லிச் ஈரப் புல்லில் ஆடத் தொடங்கினாள், பன்னிரண்டேகாலுக்குள் தோற்றாள், ரெடிங்கில் அதை யாரும் பார்க்கவில்லை. தேவாலயத்தின் பின்னறையில் பிரையன், மாலைக் கூட்டத்துக்கு முன்கூட்டியே நாற்காலிகளைப் போட்டார். சுவரோரம், ஆசீரின் மனைவிக்கென்று சீட்டு ஒட்டியிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, வட்டத்தில் இருந்தவற்றைக் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணி, அங்கே வைத்தார்.